ஒன்பது நாள் இலங்கை: கொடுத்த காசுக்கு எது தகும், எது தகாது

2025 பிப்ரவரியில் நாங்கள் நாலு பேர், நான், மனைவி, ஆறாவது படிக்கிற மகள், அறுபத்தெட்டு வயது அம்மா, திருச்சியிலிருந்து கொழும்புக்குப் போய் ஒன்பது நாள் சுற்றிவிட்டு வந்தோம். வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், போகலாமா? போகலாம், கட்டாயம் போகலாம். சுமார் ஒரு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் இறங்கிவிடலாம், நம் ஒரு ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது, விசாவுக்குப் பதிலாக இணையத்திலேயே இ.டி.ஏ. என்கிற பயண அனுமதியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பேக்கேஜ் விற்கிறவர் நீட்டுகிற பட்டியலை அப்படியே வாங்கிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். எங்கள் பயணத்தில் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் இரண்டு வெவ்வேறு நாடுகளைப் பார்த்ததுபோல இருந்ததற்குக் காரணம் அந்தப் பட்டியல்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் பின்னவல யானைகள், சிகிரியா, மசாலாத் தோட்டம், கண்டி, ரத்தினக் கற்கள் ‘மியூசியம்’, பத்திக் துணிக்கடை, தேயிலைத் தொழிற்சாலை, சீதையம்மன் கோயில், பெந்தோட்டையில் படகு எல்லாம் இருந்தது. பொலன்னறுவை இல்லை. கேட்டால், "அங்க வெறும் இடிஞ்ச கட்டடம்தான் சார், அம்மாவால நடக்க முடியாது" என்றார். நான் பிடிவாதமாக நின்று, தனியாகக் காசு கட்டி, அதைச் சேர்த்தேன். பயணத்துக்கு முன்னால் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

முதல் நாளே பின்னவல. 1975இல் அநாதை யானைக்குட்டிகளுக்காக அரசு தொடங்கிய இடம், இப்போது பெரிய யானைகளும் நிறைய. மகா ஓயா ஆற்றில் அவை மொத்தமாக இறங்கிக் குளிப்பதைக் கரையிலிருந்து பார்ப்பது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சில யானைகளின் காலில் சங்கிலி, பக்கத்தில் போய்ப் படம் எடுக்கக் கூப்பிட்டுக் காசு கேட்பது, இதெல்லாம் பார்த்து மகள் வேனில் ஏறியதும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். நேரம் குறைவு என்றால் இதை விட்டுவிடுங்கள். யானைக்கு வேறு இடம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பாறை உச்சியில் கோட்டை கட்டிய சிகிரியாவைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது, அதனால் வேண்டியதை மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு டிக்கெட் நாங்கள் போனபோது முப்பது, முப்பத்தைந்து டாலர் என்கிற கணக்கில் போனது, நம் பாஸ்போர்ட்டைக் காட்டினால் அதைவிடக் குறைவு. பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். விடிந்ததும் ஏற ஆரம்பித்துவிட வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் ஏறினால் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டிவிடும். ஏறக்குறைய 1,200 படி. குளவிகளைக் கலைக்காமல் சத்தமின்றி ஏறச் சொல்லி அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள், அதை மதியுங்கள். மூட்டுவலி இருப்பவர்கள் கீழே இருக்கிற நீர்த்தோட்டங்களோடு நின்றுகொள்ளலாம், அம்மா அங்கேதான் ஒரு மரத்தடியில் இருந்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் காலத்தில் போட்ட நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் வேலை செய்யும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அங்கே பிடித்தது உச்சி அல்ல, பாதி வழியில் வருகிற கண்ணாடிச் சுவர். ஒரு காலத்தில் முகம் தெரிகிற அளவு மெருகேற்றிய சுவராம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அந்த மலையைப் பார்க்க வந்தவர்கள் மேலே இருக்கிற ஓவியப் பெண்களைப் பற்றி அந்தச் சுவரில் கவிதை கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். அறிஞர் பரணவிதான அவற்றில் 685 பாட்டுகளைப் படித்து 1956இல் புத்தகமாக வெளியிட்டார். வந்தோம், பார்த்தோம், பிடித்தது என்று எழுதிவைத்த பழைய சுற்றுலாப் பயணிகள். நாம் அதில் புதிதாகக் கிறுக்கக் கூடாது, தொடவும் கூடாது. ஓவியங்களைப் படம் எடுக்கவும் தடை, காவலர் நிற்கிறார், சும்மா நின்று கண்ணால் பாருங்கள்.

அடுத்த நாள் பொலன்னறுவை. "இடிஞ்ச கட்டடம்" என்று சொல்லப்பட்ட அதே இடம். 993இல் சோழர்கள் அனுராதபுரத்தைப் பிடித்த பிறகு தலைநகரை இங்கே கொண்டுவந்து ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள், 1070 வாக்கில் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு விரட்டும்வரை இங்கிருந்துதான் ஆட்சி. புத்தகத்தில் நாம் படித்ததுதான். ஆனால் இரண்டாம் எண் சிவ தேவாலே என்று பலகை மாட்டியிருக்கிற கோயிலுக்கு முன்னால் போய் நின்றதும் அம்மா சொன்னது, "இது நம்ம ஊர் கோயில்டா." அவ்வளவுதான் சொன்னார்கள். சின்னக் கற்கோயில், மேலே சிறிய விமானம், உள்ளே லிங்கம், வெளியே சிதைந்த நந்தி, சுவரில் தமிழ் எழுத்து. ராஜராஜனின் அரசி பெயரில் வானவன்மாதேவி ஈஸ்வரம். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் வயல் நடுவில் தனியாக நிற்கிற சோழர் கோயில்களில் ஒன்றைத் தூக்கி வந்து வைத்ததுபோலவே இருக்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி வந்தார்கள், தரை சுட்டது, அதைப் பொருட்படுத்தவே இல்லை. நாங்கள் அங்கிருந்த முக்கால் மணி நேரத்தில் வேறு ஒரு வேனும் வந்து நிற்கவில்லை. நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்குப் போகிறோம், இதைக் காட்ட யாரும் மெனக்கெடுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கொஞ்ச தூரத்திலேயே வேளைக்காரர் கல்வெட்டு. புத்தரின் பல் வைத்திருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பைத் தமிழ்ப் படைவீரர்கள் ஏற்றுக்கொண்டதைத் தமிழில் பொறித்த கல். மகள் அதில் தெரிந்த எழுத்தைத் தேடித் தேடி, விரலால் காற்றில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல் விகாரையில் ஒரே பாறையில் செதுக்கிய புத்தர்கள், படுத்திருப்பவர் மட்டும் 14 மீட்டர், தலையணையில் தலை அழுந்திய பள்ளத்தைக்கூடக் கல்லில் கொண்டுவந்திருக்கிறான் அந்தச் சிற்பி. அப்புறம் பராக்கிரம சமுத்திரம், பெயருக்கேற்ற ஏரி, சாயங்காலம் கரையில் உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது. நடக்க முடியாதவர்கள் பற்றிக் கவலை வேண்டாம், இடங்களுக்கு இடையே வேனிலேயே போகலாம், முடிந்தவர்கள் வாடகை சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

இனி கசப்பான பகுதி. கண்டிக்குப் போகிற வழியில் ஒரு மசாலாத் தோட்டத்துக்குள் வேன் திரும்பியது. இலவசம் என்றார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் ஏலக்காய்ச் செடி, மிளகுக் கொடி, பட்டை மரம் என்று பத்து நிமிடம் காட்டினார், இதெல்லாம் நம் கொல்லிமலையிலும் தேக்கடியிலும் பார்த்ததுதான். அப்புறம் பெஞ்சில் உட்காரவைத்து, முடி உதிரச் செய்கிற சந்தனக் களிம்பு, எடை குறைக்கும் தைலம், அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் என்று ஆரம்பித்தார்கள். கேட்காமலேயே ஒரு பையன் அம்மா காலைப் பிடித்துவிட ஆரம்பித்துவிட்டான். இவ்வளவு செய்த பிறகு எழுந்து வர அம்மாவுக்குக் கூச்சம், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு எண்ணெய்ப் புட்டிக்கு 6,000 இலங்கை ரூபாய் கொடுத்தோம். மறுநாள் கண்டியில் ரத்தினக் கற்கள் கடை. ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டிவிட்டு, கதவைத் திறந்தால் ஷோரூம். இந்த இரண்டு இடத்திலும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

அன்று ராத்திரி சாரதியிடம் (அங்கே டிரைவரை அப்படித்தான் சொல்கிறார்கள்) நேரடியாகப் பேசினேன். தமிழ் பேசுகிற முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும், நிதானமான ஓட்டு, அம்மாவுக்குப் படிக்கு முக்காலி எடுத்துப் போட மறந்ததே இல்லை. "சேர் கோவிக்க வேணாம்" என்று ஆரம்பித்தார். "வேனுக்குத் தாற காசு டீசலுக்கும் டயருக்கும் சரி. கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாத்தான் வீட்டுக்கு ஏதும் மிஞ்சும்." கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். 2018இல் 23 லட்சம் பேர் வந்த நாடு. 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்தது, ஹோட்டல்கள் காலியாயின. அது நிமிர்வதற்குள் கொரோனா. அது முடிகிறது என்றிருந்தபோது 2022இல் டாலர் இல்லை, டீசல் இல்லை, அவர் டீசல் வரிசையில் வேனிலேயே இரண்டு ராத்திரி தூங்கியிருக்கிறார். லீசிங் தவணை கட்ட மனைவியின் நகை போயிற்று. 2024இல்தான் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியிருக்கிறார்கள், அதில் எல்லா நாட்டையும்விட அதிகம் வந்தது நாம்தான், இந்தியர்கள். வருகிற நாமோ எந்த ஏஜென்ட் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருவார் என்று பார்க்கிறோம். அவர் குறைப்பது தன் லாபத்தில் இல்லை, சாரதியின் கூலியில். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மசாலாத் தோட்டமும் ரத்தினக் கடையும். விலை குறைவான பேக்கேஜில் மிச்சமாகிற காசை நாம் அந்தக் கடைகளில், நம் நேரத்தோடு சேர்த்து, திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

நான் சொன்னேன், மீதி நாட்களுக்கு ஒரு நாளைக்கு 3,000 இலங்கை ரூபாய் உங்கள் கையில் தருகிறேன், கடை எதற்கும் போக வேண்டாம், நீங்கள் உங்கள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனால் எங்கே போவீர்களோ அங்கே கூட்டிப்போங்கள். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "அப்ப சேர், பெந்தோட்டை வேணாம், உடவலவ போவோம்" என்றார். நம் பணத்தில் கணக்குப் போட்டால் நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கும் கீழே. நான்கு பேர் போகிற பயணத்தில் இதைவிட நல்ல செலவு எதுவும் நாங்கள் செய்யவில்லை.

சாப்பாடும் அன்றிலிருந்து மாறியது. அதுவரை ஏஜென்ட் போட்டுக்கொடுத்த ஹோட்டல்களில் ஆறிப்போன பஃபே. அவர் கூட்டிப்போனது சாலையோரச் சோற்றுக் கடைகளுக்கு: பருப்பு, பலாக்காய், பீட்ரூட், வல்லாரைச் சம்பல், அப்பளம், கேட்கக் கேட்கப் போட்டார்கள். சைவக்காரர்களுக்கு ஒன்று, தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போடுவது அங்கே சாதாரணம், வாயில் வைப்பதற்கு முன் "மாசி போட்டதா" என்று கேட்டுவிடுங்கள். காலையில் ஆப்பமும் கட்டச் சம்பலும் கிடைத்தால் விடாதீர்கள்.

கண்டியில் புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகை பார்க்க வேண்டியதுதான், தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம், பூசை நேரத்தில் நெரிசல் அதிகம், ஜூலை ஆகஸ்டில் எசல பெரஹெரா என்கிற யானை ஊர்வலத் திருவிழா நடக்கும்போது போனால் அது வேறு அனுபவமாக இருக்கும். எனக்குப் பேராதனைப் பூங்கா இன்னும் பிடித்தது. 1901இல் பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்க மரம் இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது.

நுவரெலியா. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டதிலிருந்து இந்த மலைகளின் கதை மாறியது என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். தொழிற்சாலைச் சுற்றல் நன்றாகவே இருக்கிறது, கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பதுவரை கண்ணெதிரே பார்க்கலாம், கடைசியில் ஒரு கோப்பைத் தேநீர். அங்கே சொல்லாமல் விடுவது அந்தக் கொழுந்தைப் பறிப்பவர்கள் யார் என்பதை. சாலையோரம் ஒரு வளைவில் கூடையோடு இரண்டு பெண்கள் நின்றார்கள், வேன்கள் நிற்கும், ஆட்கள் இறங்கிப் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், கையில் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். அம்மா இறங்கிப் போய், "எந்த ஊரும்மா?" என்று கேட்டுவிட்டார்கள். "இங்கதான் அம்மா, தோட்டம். தாத்தாவோட அப்பா திருச்சிப் பக்கம்னு சொல்வாங்க." அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். விரல் நுனியெல்லாம் கறுத்து, கோடு கோடாக வெடித்திருந்தது. அப்போது ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாய், இலங்கைப் பணத்தில், சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போடுவார்கள் என்றார். வீடு என்றால் இன்னும் லயன் என்கிற வரிசை வீடுதான். 1823இலிருந்து கணக்குப் போட்டு 200 வருடம் ஆகிவிட்டது நம் ஆட்கள் அந்த மலை ஏறி. தயவுசெய்து அந்த வளைவில் இறங்கினால், படம் எடுப்பதற்கு முன் பேர் கேளுங்கள், தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள். மொழி தெரியாமல் வருகிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்கு அங்கே கிடைக்கிறது.

சீதையம்மன் கோயில் ஓடைக்கரையில் சின்னதாக, குளிர்ச்சியாக இருக்கிறது, அரை மணி நேரம் போதும்.

நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயிலில் போனோம், வேன் சாலை வழியே வந்து எல்லவில் நின்றது. இந்த ரயிலுக்கு முன்பதிவு டிக்கெட் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறது, இடைத்தரகர்கள் பல மடங்கு விலை சொல்கிறார்கள், கொடுக்காதீர்கள். முன்பதிவில்லாத பெட்டிக்கு அன்றன்று நிலையத்திலேயே டிக்கெட் உண்டு, நாங்கள் அப்படித்தான் ஏறினோம், பாதித் தூரம் நின்றோம், ஒரு பாட்டி மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். பட்டிப்பொல நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம், 1,891 மீட்டர். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் மூடுபனியும் சாரலும், சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பக்கம் பளீரென்று வெயில், பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்து கிடக்கிறது. பெட்டியே ஒரு சத்தம் போட்டது. வாசல்படியில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பது அங்கே பழக்கமாகிவிட்டது, உயிரே போயிருக்கிறது, பிள்ளைகளை ஜன்னலோடு நிறுத்துங்கள். எல்லவுக்கு அடுத்த ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் இரும்பே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டியது, பார்க்க அருமை. எல்ல ஊர்தான் கடைகளும் இரைச்சலுமாக நெரிந்து கிடக்கிறது, ஒரு ராத்திரிக்கு மேல் வேண்டாம்.

உடவலவ. இங்கே 1995இலிருந்து நடக்கிற யானைக்குட்டிப் பராமரிப்பு நிலையத்தைத்தான் மேலே சொன்னேன். தாயை இழந்த குட்டிகளை வளர்த்து மறுபடி காட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். நாம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க மட்டும்தான், தொடுவது கிடையாது, பக்கத்தில் படம் கிடையாது. பால் கொடுக்கும் நேரத்தில் கதவைத் திறந்ததும் குட்டிகள் காதை விரித்துக்கொண்டு ஓடி வருகின்றன. புனல் வைத்த குழாயில் பால், குடித்து முடித்ததும் போக மனமில்லாமல் ஒரு குட்டி ஊழியரின் காலைத் தும்பிக்கையால் சுற்றிக்கொண்டு நின்றது, அவர் மெல்லத் தட்டித் தட்டி அனுப்பினார். பின்னவலயில் பேசாமல் உட்கார்ந்த மகள் இங்கே ஒரு மணி நேரம் அசையவில்லை. அதே ஊர் தேசியப் பூங்காவில் ஜீப்பில் போனால் பெரிய கூட்டங்களையும் பார்க்கலாம். சிறுத்தைதான் வேண்டும் என்பவர்கள் யாலவுக்குப் போகட்டும், ஒரு சிறுத்தைக்குப் பத்திருபது ஜீப் சூழும் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

காலிக் கோட்டையில் ஒரு சாயங்காலம் மதில்மேல் நடந்தோம். 2004 சுனாமியில் வெளியே ஊர் சிதைந்தபோது உள்ளே இருந்தவர்களைக் காத்தது இந்த மதில்கள்தான். உள்ளே சாப்பாடும் தேநீரும் எல்லாமே வெளியூர்க்காரர்களுக்கான விலை, வெளியே வந்து சாப்பிடுங்கள்.

கடைசி நாள் ஏஜென்ட் பட்டியலில் ‘கொழும்பு ஷாப்பிங்’. நாங்கள் 1877இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். பொலன்னறுவையில் மண்ணுக்கடியில் கிடைத்த செப்புத் திருமேனிகள் இங்கே இருக்கின்றன, நடராஜர், அப்புறம் சுந்தரர், அந்தச் சுந்தரர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இன்னொரு பக்கம் ஒரு கல். 1409இல் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ பொறிக்கச் செய்தது, 1911இல் காலியில் கிடைத்தது. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தென்னாவர நாயனார் என்கிற பெருமாளுக்குக் காணிக்கை. உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து கப்பலில் வந்தவன் இந்தக் கரையில் பேச வேண்டிய மூன்று மொழியில் ஒன்று தமிழ் என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறான். எங்கள் சாரதியும் எங்களோடு உள்ளே வந்தார். இருபது வருடமாக ஆட்களை அந்த வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போகிறாராம், யாரும் உள்ளே கூட்டிப்போகச் சொன்னதில்லையாம். தமிழ் வரிகள் பக்கம் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

யாழ்ப்பாணம் போக நாள் போதவில்லை, "வடக்குல பாக்க ஒண்ணுமில்ல" என்று ஏஜென்ட் சொன்னதை இப்போது நான் நம்பத் தயாராக இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள், அடுத்த முறை அதில்தான். சாரதியின் நம்பர் கையில் இருக்கிறது, காங்கேசன்துறைக்கே வேனைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடக்குமாமே, இந்த வருடம் கொடியேற்றம் என்றைக்கு என்று அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.